32 அங்குல பேஸ் கிட்டார்: கோவைப் பட்டறையில் கையால் செய்து வாங்கியது

கையால் செய்த பேஸ் கிட்டார் என்றதும் பலருக்கும் மேல்பலகையின் மர ரேகைதான் நினைவுக்கு வருகிறது. என்னிடம் இருப்பதில் அப்படிக் கண்ணைப் பறிக்கும் எதுவும் இல்லை. மங்கிய செம்பழுப்பு உடல், கறுப்பு வரி ஓடிய விரல்பலகை, கம்பியின் அதிர்வை மின்சார ஒலியாக்கும் பிக்அப் ஒன்றே ஒன்று, இரண்டு குமிழ்கள். மேடைக்குக் கீழிருந்து பார்ப்பவர்கள் ஏதோ பழைய கிட்டார் என்றே நினைப்பார்கள். ஆனால் அதை மாட்டிக்கொண்டு ஒரு கல்யாண வரவேற்புக் கச்சேரி முழுவதும் நின்று வாசித்தாலும், மறுநாள் காலையில் என் இடது தோளும் மணிக்கட்டும் வலியில்லாமல் இருக்கின்றன. நான் பணம் கொடுத்தது அதற்காகத்தான். இதுவரை நான் வாங்கிய இசைக்கருவிகளில் இதுவே சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

நான் சென்னையில் ஞாயிறுதோறும் தேவாலய வழிபாட்டிலும், முகூர்த்த மாதங்களில் மெல்லிசைக் குழுக்களிலும் பேஸ் வாசிப்பவள். உயரம் ஐந்தடி. விரல்கள் குட்டை. கல்லூரி நாளிலிருந்து வாசித்தது தொழிற்சாலையில் செய்த, வழக்கமான 34 அங்குல பேஸ்தான். கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பி படியும் நட்டிலிருந்து உடலில் அதைத் தாங்கும் பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம் 34 அங்குலம் என்றால், முதல் ஃபிரெட்டுக்கும் (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) நான்காவது ஃபிரெட்டுக்கும் இடையே ஏறக்குறைய 130 மில்லிமீட்டர் இருக்கும். ஆள்காட்டி விரலை ஒன்றிலும் சுண்டுவிரலை நான்கிலும் வைத்து ஒரு பாடல் முழுக்க நிற்க என் கைக்கு முடியாது. மணிக்கட்டைத் திருகித்தான் எட்ட வேண்டும். அதையே 32 அங்குலமாகக் குறைத்தால் அந்த இடைவெளி 122 மில்லிமீட்டர் ஆகிறது. எட்டு மில்லிமீட்டர்தான். வாசிக்காதவர்களுக்கு அது ஒன்றுமில்லாததாகத் தோன்றலாம். எனக்கு அதுதான் வலிக்கும் வலியின்மைக்கும் நடுவில் இருந்த தூரம்.

34 அங்குலம் மாற்ற முடியாத விதி என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1951-இல் அமெரிக்காவில் கிட்டார் தயாரித்த லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது எடுத்துக்கொண்ட அளவு அது; அந்த பேஸ் உலகெங்கும் பரவியதால் அளவும் பரவியது. அதற்கு முன்பே, 1930-களில் சியாட்டிலில் பால் டட்மார்க் செய்த மின்சார பேஸ் 30 அங்குலத்தை ஒட்டியது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வாசித்துப் புகழ்பெற்ற ஹாஃப்னர் பேஸும் 30 அங்குலம்தான். கலைஞரின் தேவையைக் கேட்டுக் கருவியைச் செய்யும் வழக்கத்துக்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1975-இல் நடந்தது. ஆறு கம்பி பேஸ் வேண்டும் என்று பேஸ் கலைஞர் ஆண்டனி ஜாக்சன் நியூயார்க்கில் கருவி செய்யும் கார்ல் தாம்சனிடம் போய் நின்றார். அந்நாளில் அது அபூர்வமான வேண்டுகோள். இன்று ஆறு கம்பி பேஸ் கடைகளில் தொங்குகிறது. எனவே 'எனக்கு இரண்டு அங்குலம் குறைத்துக் கொடுங்கள்' என்று கேட்பதில் கூச்சப்பட எதுவுமில்லை.

செய்து கொடுத்தவர் கோவையில் கணபதிப் பக்கம் சிறு பட்டறை வைத்திருக்கிறார். ஏற்கெனவே கைநிறைய வேலை இருப்பதால் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. முன்பு அவருக்குப் பம்ப் வார்ப்படங்களுக்கு மரத்தில் பேட்டர்ன், அதாவது வார்ப்பு அச்சு எடுப்பதற்கான மாதிரி, செய்யும் தொழில். உருக்கிய வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் பத்து மில்லிமீட்டர் சுருங்கும். அதைக் கணக்கிட்டு மரத்தில் கூட்டிச் செய்ய வேண்டும். அளவு தப்பினால் வார்த்த பம்ப் உடலெல்லாம் வீண். அந்தக் கண்டிப்பு அவர் கையை விட்டுப் போகவில்லை. பட்டறையில் உளிகள் அளவு வாரியாக அடுக்கியிருக்கின்றன. இழைப்புளியை வைக்கும்போதுகூட வாய் தரையைத் தொடாமல் பக்கவாட்டில்தான் வைக்கிறார். இப்படிப்பட்டவரிடம் முன்பணம் கொடுக்க யோசிக்கத் தேவையில்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது.

இனி, இந்த அனுபவத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எடை குறைவாக வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் சம்மதிக்கவில்லை. "உடலை மட்டும் குறைத்தால் தலை கீழே போகும், அம்மிணி" என்றார். பேஸ் வாசிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். கழுத்து நீளம், நுனியில் கம்பியை முடுக்கும் நான்கு டியூனர்களின் கனம் வேறு. உடல் இலேசாக இருந்தால், கையை விட்டவுடன் கழுத்து தரையை நோக்கிச் சாயும். அப்புறம் வாசிக்கும் கையே கருவியைத் தாங்கவும் வேண்டியிருக்கும். தோள்வலி பாதி எடையால் வருகிறது என்றால் மீதி இந்தச் சாய்வால் வருகிறது.

அதற்காக அவர் ஒரு மாதிரி செய்தார். பிளைவுட்டில் முழு அளவு உடலை வெட்டி, பழைய கழுத்து ஒன்றை அதில் முடுக்கி, டியூனர்கள் வரும் இடத்தில் சிறு ஈயத் துண்டுகளைக் கம்பியால் கட்டினார். பிரிட்ஜ் இடத்திலும் ஒரு துண்டு. வாரை மாட்டி என்னிடம் கொடுத்து, "கையை எடுங்கள்" என்றார். எடுத்தேன், தலை சாய்ந்தது. உடலிலிருந்து கழுத்துப் பக்கம் நீளும் மேல்கொம்பின் நுனியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஒட்டுத் துண்டு ஒன்றை வைத்து நீட்டினார். வார் மாட்டும் குமிழ் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேராக வந்ததும் சாய்வு பாதி நின்றது. பிறகு தலைப்பக்கத்து ஈயத்தைக் குறைத்து பிரிட்ஜ் பக்கம் கூட்டினார். கழுத்து, நான் விட்ட கோணத்திலேயே நின்றது. அந்த மாதிரியை மாட்டிக்கொண்டே பட்டறைக்குள் நடந்தேன், குனிந்தேன், நாற்காலியில் உட்கார்ந்தேன். வலது முன்கை உடலின் விளிம்பில் அழுந்திய இடத்தில் அவர் இன்னொரு கோடு போட்டார். அங்கே பின்னர் சரிவாகச் செதுக்கினார். ஒரு கருவி பிறப்பதற்கு முன்பே அதை உடம்பில் போட்டுப் பார்ப்பது தையல்காரரிடம் அளவு கொடுப்பது போலத்தான். எந்தக் கடையிலும் இது கிடைக்காது.

அந்த ஈயக் கணக்கின்படிதான் மீதி எல்லாம் முடிவாயின. டியூனர்களுக்கு ஹிப்ஷாட் நிறுவனத்தின் எடை குறைந்த வகையை வரவழைத்தோம். பிரிட்ஜுக்கு மாறாக நல்ல கனமான பித்தளை. அதை அவரே மரத்தில் பேட்டர்ன் செய்து, தெரிந்த வார்ப்பாலையில் வார்த்து, மில்லிங் செய்து கொண்டுவந்தார். எடை தேவையான இடத்தில் எடை. தேவையில்லாத இடத்தில் இல்லை. முழுக் கருவியும் 3.7 கிலோ. என் பழைய பேஸ் 4.5 கிலோ.

உடல் மரம் சந்தன வேம்பு. காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் மரம். வடக்கே 'துன்' என்ற பெயரில் சித்தாருக்குக் காலங்காலமாகப் பயன்படுவது. மகோகனியின் குடும்பத்தைச் சேர்ந்தது, இலேசானது, உளிக்கு இணங்கும். வீணையின் நினைவில் நான் பலாமரம் கேட்டேன். பலா உறுதியான, அருமையான மரம்தான். இந்த எடைக்குள் அடங்காது என்று அவர் விளக்கியதும் விட்டுவிட்டேன். இங்கே என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். மின்சார பேஸில் உடல் மரம் ஒலியை மாற்றுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். என் காதுக்கு ஒலியைத் தீர்மானிப்பவை விரல், கம்பி, பிக்அப் இருக்கும் இடம், கழுத்தின் விறைப்பு, இந்த வரிசையில்தான். உடல் மரத்தை எடைக்காகத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல் அதற்காகச் செலவழிக்க வேண்டியதில்லை.

பணம் போக வேண்டிய இடம் கழுத்து. நான்கு கம்பிகள் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை 34 அங்குல பேஸில் ஏறக்குறைய 80 கிலோ. 32 அங்குலத்தில் அதே கம்பிகளுக்கு அது பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறையும். இரவும் பகலும், வெயிலிலும் மழையிலும் அந்த இழுப்பைத் தாங்கி, அரை மில்லிமீட்டர்கூட இடம் மாறாமல் நிற்க வேண்டியது ஒரு மெல்லிய மரச்சட்டம். என்னுடையது மூன்று மேப்பிள் பட்டைகளை ரேகை எதிரெதிராக வரும்படி ஒட்டிச் செய்தது. உள்ளே, கழுத்தின் வளைவைத் திருத்த, இரு பக்கமும் முடுக்கக்கூடிய டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டு. தோராயமாக வெட்டிய பிறகு அவர் அதை உடனே இழைக்கவில்லை. பட்டறையின் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார். வெட்டும்போது மரத்துக்குள் அடங்கியிருந்த இழுவிசை தளர்ந்து அது தன் போக்கில் வளையும். வளைந்து முடிந்தபின் இழைத்தால்தான் பின்னால் வளையாது. மறுபடி கொஞ்சம் வெட்டினார், மறுபடி தொங்கவிட்டார். தாமதத்தில் பெரும்பகுதி இதில்தான் போனது. "கழுத்துக்கு அவசரம் ஆகாது, அம்மிணி" என்று தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் அதே பதில்.

விரல்பலகை ஈட்டி மரம். உலகம் முழுவதும் கிட்டார் செய்பவர்கள் தேடும் மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிறது. அதனாலேயே அதற்குக் காவலும் அதிகம். 1994-இல் தமிழ்நாட்டில் ஈட்டி மரங்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் வந்தது. 2017-இல் ஈட்டியின் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. 2019-இல்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. அவர் பயன்படுத்தியது பழைய வீடு இடித்தபோது ஏலத்தில் எடுத்த கட்டிலின் சட்டம். வாங்கிய ரசீதைக் காட்டினார். நீங்கள் யாரிடம் செய்தாலும் ஈட்டி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நேர்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஃபிரெட் இடங்களைக் குறிக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்தேன். கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான்: நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட் நட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று வரும். 32 அங்குலத்துக்கு அது 45.6 மில்லிமீட்டர். மிச்ச நீளத்தை மறுபடி வகுத்தால் அடுத்தது. ஆனால் ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனால் சின்னச் சின்னப் பிசகுகள் சேர்ந்து, இருபதாவது ஃபிரெட்டில் சுருதி தெரியும்படி விலகிவிடும். அவர் இருபதையும் நட்டிலிருந்தே தனித்தனியாக அளந்தார். பென்சிலைத் தொடவில்லை, கூர்முனைக் கத்தியால் கீறினார். கீறலில் ரம்பத்தின் பல் தானாக உட்காரும். வாசிக்கும்போது பன்னிரண்டாவது ஃபிரெட்டின் சுருதியும் அதே இடத்தில் கம்பியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் ஒன்றாக நிற்கின்றன. மேலே பதினேழாவது ஃபிரெட்டிலும் காதை உறுத்தும் பிசகு எதுவும் இல்லை.

ஃபிரெட் முனைகளை ஒவ்வொன்றாக அரத்தால் உருட்டியிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் ஓரத்தில் உள்ளங்கையை மேலிருந்து கீழ்வரை ஓட்டினால், ஃபிரெட் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிவதில்லை. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பியின் உயரம் தடித்த பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 1.6. இவ்வளவு தாழ்வாக இருந்தும் எந்த ஃபிரெட்டிலும் கம்பி உரசிக் கரகரப்பதில்லை. எருமை எலும்பில் அறுத்த நட்டின் அகலம் 38 மில்லிமீட்டர். என் கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

மின்சாரப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரிசிஷன் பேஸில் 1957 முதல் இருக்கும் அதே இரண்டு துண்டு பிக்அப் அமைப்பு, பாட்டரி இல்லை. இரண்டு துண்டுகளின் சுருள்களும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் வெளியிலிருந்து வரும் இரைச்சலை ஒன்றுக்கொன்று அழித்துக்கொள்கின்றன. கல்யாண மண்டபங்களில் வாசிப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்: ஒரே பிளக்கில் சீரியல் விளக்கும் ஆம்பும் ஓடும் இடம் அது. பிக்அப் குழியின் உட்புறம் முழுக்கச் செம்புத் தாள் ஒட்டி எர்த்தோடு இணைத்திருக்கிறார். வழிபாட்டில் ஜெப வேளையில், கையைக் கம்பியிலிருந்து எடுத்த பிறகும், ஸ்பீக்கரில் சத்தம் இல்லை.

தடித்த கம்பிக்கு மட்டும் ஹிப்ஷாட்டின் இறக்கும் நெம்புகோல் வைத்த டியூனர். தட்டினால் E சுருதி D ஆக இறங்கும். ஐந்து கம்பி பேஸின் கனம் இல்லாமல் கீழ் D கிடைக்கிறது. பாமாலைப் பாடல்கள் பல D-யில் வருவதால் எனக்கு இது போதும். கம்பி தொய்ந்து குழையாமல் இருக்க வழக்கமான 0.105-க்குப் பதில் 0.110 போடச் சொன்னார். சரியான யோசனை.

ஒலி எப்படி என்று கேட்பவர்களுக்கு: நடுப்பகுதி நிறைந்த, சற்று உருண்டையான ஒலி. எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல்களில் பல்லவிக்கு அடியில் தனி மெட்டாகவே நடந்துபோகும் அந்த பேஸ், அதற்கு இது பிறந்தே வந்தது போல இருக்கிறது. ஒவ்வொரு சுரமும் தொடங்கும் இடம் தெளிவாகக் கேட்கிறது. மிருதங்கமும் தவிலும் கலந்த குழுவில்கூட அமுங்கவில்லை. கட்டைவிரலால் அடித்துப் பளிச்சென்ற உலோக ஒலி எழுப்பும் பாணிக்கு இது ஏற்றதல்ல. அந்தப் பாணியில் வாசிப்பவர்கள் இரண்டு பிக்அப் கேளுங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது காலம். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு என்று சொன்ன கருவி தவக்காலத்தில்தான் கைக்கு வந்தது. கழுத்தைக் காயவிட்ட காரணம் எனக்குப் புரிகிறது. அதை ஆரம்பத்திலேயே கணக்கில் சேர்த்துத் தேதி சொல்லியிருக்கலாம். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு நான் பழைய பேஸைத்தான் தூக்கினேன், தோளும் வலித்தது. தொலைபேசியை எடுக்காத வாரங்களும் உண்டு. இவ்வளவு பொறுப்பாக வேலை செய்கிறவர் ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்பியிருக்க வேண்டும் என்பது என் மனக்குறை.

இரண்டாவது, எண்ணெய்ப் பூச்சு. வார்னிஷுக்குப் பதிலாக டங் எண்ணெய் தேய்த்து மெருகிட்டிருக்கிறார். கைக்கு மரமாகவே படுகிறது, அது பெரிய இன்பம். ஆனால் சென்னை வியர்வைக்கு அது தாங்கவில்லை. முன்கை படும் இடம் ஒரு கோடைக்குள் கறுத்துவிட்டது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மறுபடி எண்ணெய் போட வேண்டியிருந்தது. கடலோர ஊர்க்காரர்கள் உடலுக்காவது கடினமான பூச்சுக் கேளுங்கள். கழுத்துக்கு எண்ணெயே போதும்.

மூன்றாவது, கம்பி. 32 அங்குலத்துக்கு உரிய கம்பி சென்னைக் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. 34 அங்குலக் கம்பியை வெட்டிப் போட்டால், மெலிந்திருக்க வேண்டிய நுனி நட்டைத் தாண்டி வெட்டுப்பட்டுப் போய், தடித்த பகுதியே டியூனரைச் சுற்ற வேண்டிவரும்; சுருள் பிரிந்து ஒலியும் மங்கும். நான் வெளியூரிலிருந்து மொத்தமாக வரவழைத்து வைத்துக்கொள்கிறேன். இது பட்டறைக்காரரின் குறை அல்ல, ஆனால் வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய செலவு.

கோவையின் வறண்ட காற்றில் செய்த கழுத்து சென்னை மழைக்காலத்தில் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு இருந்தது. ஐப்பசி அடைமழையில் கழுத்தின் முன்வளைவு சற்றுக் கூடியது. முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் கம்பியை அழுத்திக்கொண்டு, எட்டாவது ஃபிரெட்டில் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்த்தால் அது சும்மா ஆடியது. தலைப்பக்கத்துத் துளையில் 4 மில்லிமீட்டர் ஆலன் சாவியைப் போட்டு டிரஸ் ராடைக் கால் சுற்று முடுக்கினேன். கார்டு தொட்டுக்கொண்டு நின்றது. தை மாதம் அதே கால் சுற்றைத் தளர்த்தினேன். இதை எப்படிச் செய்வது என்று கருவியைத் தரும்போதே அவர் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார். சாவியையும் பையில் போட்டுக் கொடுத்தார்.

எல்லாம் சேர்த்து 1,15,000 ரூபாய் ஆனது, பெட்டி தனி. இந்தப் பணத்துக்குப் பெயர்பெற்ற நிறுவனத்தின் நல்ல தொழிற்சாலை பேஸ் ஒன்று வாங்கலாம். அதை நாளை விற்றால் பாதிக்கு மேல் திரும்பவும் வரும். என்னுடையதை என் உடல்வாகு இல்லாதவர் யாரும் வாங்க மாட்டார். 34 அங்குலம் சிரமமில்லாமல் எட்டுகிறவர்களுக்கும், வாசிக்கத் தொடங்கி ஓரிரு ஆண்டுகளே ஆனவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் கிடைக்கிற பேஸில் வாசித்து, உங்கள் கைக்கு என்ன பொருந்தவில்லை என்று கண்டுகொள்ளுங்கள். தோள்வலியோடு வாசிக்கிறவர்கள், சிறிய கை உள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள், இப்படிப்பட்ட பட்டறை ஒன்றைத் தேடிப் போகலாம். பாதிப் பணம் முன்னால், கால் பங்கு கழுத்து முடிந்ததும், மீதி கருவியை வாசித்துப் பார்த்தபின் என்று பேசிக்கொள்ளுங்கள்; எனக்கு அப்படித்தான் ஒத்துக்கொண்டார். போகும்போது இப்போது வாசிக்கும் பேஸையும் அதன் வாரையும் கையோடு எடுத்துப் போங்கள். எங்கே வலிக்கிறது என்று வாயால் சொல்வதைவிட, நீங்கள் அதை மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தே அவர்கள் பாதி அளவுகளை எடுத்துவிடுவார்கள்.